கோதுமைக் கப்பலில் தண்ணீர் புகுந்த வழியைத் தேடுவது

திருகோணமலையில் சரக்குச் சோதனை வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. ஹோல்டின் (கப்பலில் சரக்குக் கொட்டும் அறையின்) மூலையில் கொஞ்சக் கோதுமை நனைந்து, கட்டியாகி, புளித்த மணத்தோடு கிடக்கிறது. எங்கே ஒழுகியிருக்கும்? பத்துப் பேரில் ஒன்பது பேர் அண்ணாந்து ஹேட்ச் கவரை, அதாவது ஹோல்டின் மேல்வாயை மூடும் இரும்பு மூடியைப் பார்ப்பார்கள்.

நானும் அப்படித்தான் பார்த்தேன். என் முதல் மாரியில் ஒரு சர்வேயர் ஐயாவுக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். நனைந்த கோதுமையைக் கண்டதும் குறிப்புப் புத்தகத்தில் "ஹேட்ச் ஒழுக்கு" என்று எழுதியே விட்டேன். ஐயா எதுவும் சொல்லாமல் சவளை வாங்கி மூலையை வெட்டினார். மேலே ஒன்றரை அடிக்குக் கோதுமை கலகலவென்று காய்ந்திருந்தது. ஈரம் முழுக்க அடியில்தான். "மேலேயிருந்து வந்த தண்ணி நடுவைத் தொடாமல் அடிக்குப் போகுமோ, தம்பி?" என்று கேட்டார். பிறகு பார்த்தால், பில்ஜ் குழாயின் (ஹோல்டின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் குழாயின்) ஒருவழி வால்வில் ஒரு மரச்சிராய் சிக்கி, அது முழுதாக மூடாமல் இருந்தது. குழாயில் இருந்த தண்ணீர் அந்த இடைவெளியால் ஹோல்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஹேட்ச் கவரில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே இந்த வேலையில் ஒழுகும் ஓட்டையைத் தேடுவது இரண்டாவது கட்டம்தான். வந்தது என்ன தண்ணீர், எந்தத் திசையால் வந்தது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் கருவியைத் தூக்கினால், கிடைத்த முதல் குறைதான் குற்றவாளி என்று எழுதிவிடுவீர்கள்.

இறங்குவதற்கு முன்

பொதியாகக் கட்டாமல் ஹோல்டில் அப்படியே கொட்டி நம் துறைமுகத்துக்கு வரும் மொத்தச் சரக்கில் பெரும்பங்கு இரண்டு: சீனக்குடாப் பக்கம் உள்ள பிரீமா மா ஆலைக்கான கோதுமை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலைக்கான கிளிங்கர் (அரைத்துச் சீமெந்தாக்கும் கட்டி). கோதுமை ஈரத்தை மறைக்காது. பூஞ்சணம் பிடிக்கும், முளைக்கும், மணக்கும். நான் இங்கே பெரும்பாலும் கோதுமையை வைத்தே பேசுகிறேன். முறை எல்லாச் சரக்குக்கும் ஒன்றுதான்.

கப்பலில் ஏறியதும் நேரே ஹோல்டுக்குப் போகாதீர்கள். சீஃப் ஆபிசரிடம் மூன்று பதிவுகளைக் கேளுங்கள்: பில்ஜ் அளவுப் பதிவு, பாலஸ்ட் (கப்பலைச் சமநிலையில் வைக்கத் தொட்டிகளில் ஏற்றும் நீர்) பதிவு, வழியில் இருந்த காலநிலைப் பதிவு. ஒழுங்கான கப்பலில் பில்ஜ் கிணறுகளை (ஹோல்டின் அடியில் நீர் சேரும் குழிகளை) ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது அளந்து எழுதியிருப்பார்கள். கடல் மோசமாக இருந்த நாளில் பில்ஜ் ஏறியிருந்தால் ஹேட்சைச் சந்தேகியுங்கள். பாலஸ்ட் தொட்டியை நிரப்பிய நாளில் ஏறியிருந்தால் தொட்டியைச் சந்தேகியுங்கள். வழி முழுக்க ஒரே அளவாக இருந்து, இங்கே ஹேட்ச் திறந்த பிறகு ஏறியிருந்தால், அது அநேகமாக நம்மூர் மழை. பயணம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணை, ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தால் அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது உயிர் சம்பந்தமானது. மூடிக் கிடந்த ஹோல்டுக்குள் நன்றாகக் காற்று விட்டு, வாயு அளந்து, கப்பல்காரர் அனுமதிச் சீட்டுத் தந்த பிறகுதான் கால் வைக்க வேண்டும். தானியம் மூச்சு விடும், ஒட்சிசனைக் குடிக்கும். வெளிக்காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். மீட்டர் அதைக் காட்டாவிட்டால் இறங்க வேண்டாம். அதோடு கோதுமைக்குப் பூச்சி மருந்தாக அலுமினியம் பொஸ்பைட்டு போட்டிருப்பார்கள். அதிலிருந்து வரும் பொஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். "உள்ளிப் பூண்டு மணம் வந்தால் தெரியும்" என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். மணம் தெரியாத அளவிலும் அது நஞ்சுதான். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் அளக்கச் சொல்லுங்கள். ஏணி வழியில் உள்ள சிறு அறைதான் பலரை விழுத்திய இடம். வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவரைத் தூக்கத் தனியே ஓடக்கூடாது. அப்படி ஓடியவர்களும் அங்கேயே விழுந்திருக்கிறார்கள்.

ஈரம் விட்ட கோலம்

இனி உள்ளே. கையைக் கட்டிக்கொண்டு சுற்றிப் பாருங்கள். எதையும் தொட வேண்டாம், வழிக்க வேண்டாம், முதலில் படம் எடுங்கள். ஈரம் எந்த வடிவில் கிடக்கிறது என்பதுதான் மிகப் பெரிய சாட்சி. இறக்கும் வேலை தொடங்கிவிட்டால் அது போய்விடும்.

ஹேட்ச் கவர் ஒரே பலகை அல்ல, பல பலகைகள் சேர்ந்தது. இரண்டு பலகை சந்திக்கும் குறுக்குமூட்டு ஒழுகினால், அதற்கு நேர் கீழே கோதுமையின் மேல்முகத்தில் ஒரு கோடு போட்டதுபோல ஈரம் தெரியும். கப்பலின் அகலவாட்டில் ஓடும் கோடு அது. சுற்றுவிளிம்பு ஒழுகினால், ஹேட்ச் வாயின் உட்சுவரில் துரு கலந்த நீர்த்தடம் இறங்கி வந்து, சரக்கின் விளிம்பில் நனைத்திருக்கும். தடத்தின் உச்சியில் விரலை வைத்து மேலே பார்த்தால், கவரின் விளிம்பை அடைக்கும் இறப்பரில் குறைபட்ட இடம் அநேகமாக அங்கேதான் இருக்கும். அநேகமாக என்றுதான் சொல்கிறேன். இறப்பருக்கு உட்பக்கம் ஒரு வடிகால் ஓடை உண்டு. உள்ளே வந்த நீர் அந்த ஓடையில் சில மீட்டர் ஓடி, வேறோர் இடத்தில் நிரம்பி வழியலாம்.

மேலே நனைந்து கீழே காய்ந்திருந்தால், அல்லது மேலிருந்து கீழே கூம்பாக இறங்கியிருந்தால், மேலேயிருந்து வந்த நீர். மேலே காய்ந்து அடியில் நனைந்திருந்தால் பில்ஜ், அல்லது அடித்தொட்டி. பக்கச் சுவரோடு, மேல்பக்கத் தொட்டியின் சரிவுக்குக் கீழே மட்டும் ஈரம் என்றால், அந்தத் தொட்டியின் வெல்டிங்கில் வெடிப்பு இருக்கலாம். கூரை இரும்பின் விட்டம் விட்டமாக, வரிசை வரிசையாக, சரக்கின் மேலே புள்ளி புள்ளியாகச் சொட்டியிருந்தால், அது ஒழுக்கே அல்ல. கப்பல் வேர்த்திருக்கிறது.

வேர்வையும் ஒழுக்கும்

இந்த வேர்வை விஷயத்தைப் புதியவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். சூடான சரக்கோடு குளிர் கடலுக்குப் போனால், குளிர்ந்த இரும்பில் ஈரம் படிந்து சரக்கின் மேல் சொட்டும். குளிர்ந்த சரக்கோடு நம்முடைய வெப்பமான, ஈரமான காற்றுக்கு வந்தால் மறுபக்கமாக நடக்கும். காற்றோட்டியைத் திறந்துவிட்டால், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த தானியத்தின் மேலேயே படியும். பனிக்கட்டித் தண்ணீர்ப் போத்தலை மேசையில் வைத்தால் வெளியே வேர்க்குமே, அதுதான். குளிர்நாட்டுக் கோதுமை இங்கே வரும்போது இந்த இரண்டாவது வகைதான் வரக்கூடியது. அதனால், சரக்கை ஏற்றியபோது இருந்த வெப்பநிலையைவிட வெளிக்காற்று 3 பாகை செல்சியசாவது குறைவாக இருந்தால் மட்டும் காற்றோட்டம் விடுவது என்ற கணக்கைப் பல கப்பல்கள் வைத்திருக்கின்றன. காற்றோட்டப் பதிவை அந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள். கொதிக்கிற நாளிலெல்லாம் "காற்றோட்டம் திறந்தது" என்று எழுதியிருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது.

உப்பா, உப்பில்லையா

கோலம் ஒரு பக்கம் சொல்லட்டும். தண்ணீரை நேரே விசாரிக்க ஒரு சின்னக் கபிலநிறப் போத்தல் போதும். பாடசாலையில் படித்திருப்பீர்கள்: வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் குளோரைட்டு கலந்தால் பால்போல வெண்மையாகும். கடல்நீரில் குளோரைட்டு ஏராளம். 2 சதவீதக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்து, வெளிச்சம் படாத போத்தலில் வைத்திருங்கள். நனைந்த இடத்திலோ துருத்தடத்திலோ இரண்டு சொட்டு விடுங்கள். பால்போல வெளுத்தால் உப்பு இருக்கிறது. தெளிவாகவே நின்றால் மழைநீர், வேர்வை, அல்லது நல்ல தண்ணீர்.

பார்க்க இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இதில் பிழை விடுகிறார்கள். கையுறை போடாமல் தொட்டால் உங்கள் கை வேர்வையே பால்போல வெளுக்கும். திருகோணமலை வெயிலில் ஏணி ஏறி இறங்கிய கைக்குக் கேட்கவே வேண்டாம். பொட்டாசியம் குளோரைட்டு உரம் ஏற்றிய கப்பலில் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. முந்திய பயணத்தில் உரம் ஏற்றி, சரியாகக் கழுவாத ஹோல்டும் அப்படித்தான். கடலில் அலை அடித்துக் காய்ந்த உப்பு ஹேட்ச் கவரின் மேலே படிந்திருக்கும். இங்கே வந்து மாரி மழை அதைக் கழுவிக்கொண்டு உள்ளே இறங்கினால், அந்த மழைநீரும் வெளுக்கும். பால் கண்டவுடன் "கடல்நீர்" என்று எழுதிவிடாதீர்கள்.

அதற்கு ஒரே மருந்து ஒப்பீடு. ஈரம்படாத சுத்தமான இரும்பில் ஒரு சொட்டு, காய்ந்த கோதுமையில் ஒரு சொட்டு, ஹேட்ச் கவரின் வெளிமுகத்தில் ஒரு சொட்டு, நனைந்த இடத்தில் ஒரு சொட்டு. நான்கையும் அருகருகே படம் எடுங்கள். லேசான கலங்கலும் கட்டிப்பாலும் ஒன்றல்ல. சந்தேகம் இருந்தால் நனைந்த கோதுமையையும் காய்ந்த கோதுமையையும் தனித்தனிச் சுத்தமான போத்தல்களில் எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கரைசல் கையில் பட்டால் தோல் கறுத்துவிடும். சில நாள் போகாது, வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

ஹேட்ச் கவரைச் சோதிப்பது

சரி, கோலமும் உப்பும் மேலேயே கை காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் ஹேட்ச்.

முதலில் கண். கவரைத் திறந்து வைத்து இறப்பரைத் தடவிப் பாருங்கள். கவர் மூடும்போது வாயின் விளிம்பில் உள்ள அழுத்துப்பட்டை இந்த இறப்பரில் அழுந்துகிறது. நல்ல இறப்பர் பள்ளம் விழுந்தாலும் மீண்டும் எழும்பும். ஆழமான பள்ளம் அப்படியே நிலைத்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வெடிப்பு, கிழிசல், துண்டு துண்டாக ஒட்டு, பெயின்ட் பூசிய இறப்பர் எல்லாம் கெட்ட அறிகுறிதான். இறப்பருக்குப் பின்னால் பட்டி வைத்துத் தடிப்பாக்கியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் இரும்பும் இரும்பும் தேய்ந்து குறைந்ததை மறைக்க அப்படிச் செய்வார்கள். மூலைகளை இரண்டு தரம் பாருங்கள். வடிகால் ஓடையில் பழைய கோதுமை அடைத்திருக்கிறதா, வடிகால் வால்வுக்குள் பந்து அசைகிறதா என்றும் பாருங்கள்.

வெண்கட்டிச் சோதனையும் வெளிச்சச் சோதனையும் உண்டு. அழுத்துப்பட்டையில் வெண்கட்டி பூசி, கவரை மூடித் திறந்து, இறப்பரில் கோடு தொடர்ச்சியாகப் பதிந்ததா என்று பார்ப்பது ஒன்று. உள்ளே நின்று, கவரை மூடச் சொல்லி, எங்கே பகல் கீற்றாகத் தெரிகிறது என்று பார்ப்பது மற்றது. இரண்டும் தொடுகிறதா என்பதைச் சொல்லும், அழுத்துகிறதா என்பதைச் சொல்லாது. பூர்வாங்கப் பார்வைக்கு மட்டும்.

தண்ணீர் பாய்ச்சும் சோதனை எல்லாருக்கும் தெரிந்தது. ஹோல்ட் வெறுமையாக இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் தொடங்கவே கூடாது. கவரை மூடி, பூட்டுகள் எல்லாம் இறுக்கி, குறைந்தது 12 மில்லிமீட்டர் வாய் உள்ள நொசிலால், குறைந்தது 2 பார் அழுத்தத்தில், 1.5 மீட்டருக்குள் நின்று, மூட்டுகளின் மேல் பாய்ச்ச வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற வேகத்தில் நகருங்கள். போசனின் (மேல்தள வேலையாட்களின் தலைவரின்) ஆட்கள் அவசரப்படுவார்கள், விடாதீர்கள். உள்ளே ஓர் ஆள் டோர்ச்சோடு நின்று பார்க்க வேண்டும். வெளியே இன்னொருவர் வடிகால் வாய்களைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது ஆளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வடிகாலால் தண்ணீர் வந்தால், ஹோல்ட் காய்ந்திருந்தாலும், நீர் இறப்பரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். இன்று வடிகால் காப்பாற்றியது, அவ்வளவுதான். மழை நாளில் இந்தச் சோதனை செய்வது வீண். எது நம் தண்ணீர், எது வானத்துத் தண்ணீர் என்று தெரியாது.

எனக்குப் பிடித்தது மீயொலிச் சோதனை. சரக்கு உள்ளே இருந்தாலும் செய்யலாம், ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம், குறை எங்கே என்று சாண் கணக்கில் காட்டும். ஹோல்டின் நடுவே ஒலிபரப்பும் பெட்டியை வைக்கிறோம். ஏறக்குறைய 40 கிலோஹெர்ட்ஸ் ஒலி அது, நம் காதுக்குக் கேட்காது. முதலில் கவரைத் திறந்து வைத்து, வாயில் கருவியை நீட்டி அளவு எடுக்க வேண்டும். இதுதான் திறந்தவாய் அளவு, மற்ற எல்லாம் இதோடு ஒப்பிடப்படும். அப்புறம் கவரை மூடி, கடலுக்குப் போவதுபோலவே எல்லாப் பூட்டுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். பாதிப் பூட்டோடு எடுத்த அளவுக்குப் பெறுமதி இல்லை. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மூட்டுகளோடு மெதுவாக நடங்கள். சுற்றுவிளிம்பு, குறுக்குமூட்டு, மூலைகள், ஏணிவழி மூடி, காற்றோட்டி மூடி, எதையும் விட வேண்டாம். திறந்தவாய் அளவின் 10 சதவீதத்தைத் தாண்டும் இடம் எதுவோ, அங்கே இறப்பர் போதிய அளவு அழுந்தவில்லை. திறந்தவாய் அளவு 50 என்றால், 5ஐத் தாண்டிய இடமெல்லாம் குறி. வெண்கட்டியால் அங்கேயே கோடு போட்டு எண்ணையும் எழுதுங்கள்.

பக்கத்தில் காற்றுக் கம்பிரசரோ, கசியும் காற்றுக் குழாயோ இருந்தால் கருவி ஏமாறும். உள்ளே உள்ள பெட்டியை நிறுத்திவிட்டு அதே இடத்தில் மறுபடியும் கேளுங்கள். சத்தம் தொடர்ந்தால் அது ஹேட்ச் அல்ல.

இங்கே நம் துறைமுகத்துக்கே உரிய ஒரு மயக்கத்தைச் சொல்ல வேண்டும். திருகோணமலை உள்துறைமுகத்தில் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். கொட்டியாரக் குடா கொந்தளிக்கும் வாடைக்காலத்திலும் உள்ளே கப்பல் அசையாது. திறந்த கடலில் கப்பலின் உடல் முறுகும், வளையும், கவரும் வாயும் ஒன்றையொன்று உரசி நகரும். இங்கே ஒரு சொட்டும் விடாத மூட்டு அங்கே ஒழுகும். 1966ஆம் ஆண்டின் சுமைக்கோட்டு உடன்படிக்கை கேட்பதும், எந்தக் கடல்நிலையிலும் நீர் கப்பலுக்குள் புகக்கூடாது என்றுதான். அதனால்தான் நீர் புகவில்லை என்பதைவிட இறப்பர் எவ்வளவு அழுந்துகிறது என்ற எண் எனக்கு முக்கியம்.

மூட்டின் மேல் ஒட்டிய பிசின் நாடாவைக் கண்டால், அது இருக்கும் நிலையில் சோதிக்காதீர்கள். நாடாவைத்தான் சோதிப்பீர்கள், இறப்பரை அல்ல.

அடியிலிருந்து வரும் தண்ணீர்

கோலம் கீழே காட்டினால் பில்ஜ் கிணற்றில் தொடங்குங்கள். மூடியைத் தூக்கி, சாக்கை எடுத்து, உள்ளே துடைத்துக் காயவிட்டு, இயந்திர அறையிலிருந்து பில்ஜ் குழாய்க்குள் தண்ணீரைத் திருப்பி அழுத்தச் சொல்லுங்கள். கிணற்றில் ஏறினால் ஒருவழி வால்வு கெட்டது. ஏறாவிட்டால் அடித்தொட்டியின் ஆள்துளை மூடிகள், ஹோல்டுக்குள்ளால் போகும் சவுண்டிங் குழாய் (தொட்டியின் நீர்மட்டத்தை அளக்கும் குழாய்), காற்றுக்குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். கிராப் (சரக்கை அள்ளும் இரும்புக் கவ்வி) போட்டு இறக்கும் கப்பல்களில் கிராப் அடித்து நசுங்கிய குழாய்கள் ஏராளம். தொட்டியை நிரப்பி, வெல்டிங்கோடு டோர்ச் அடித்துப் பார்த்தால் கசிவு கண்ணீர்போல நிற்கும். ஹோல்டில் சரக்கு இருக்கும்போது அந்தத் தொட்டியை நிரப்பிப் பார்க்கச் சொல்லி ஒருபோதும் கேட்காதீர்கள்.

மொத்தச் சரக்குக் கப்பல்களில் நீர்மட்ட எச்சரிக்கைக் கருவி 2004 ஜூலையிலிருந்து சட்டப்படி வேண்டும். ஹோல்டின் தளத்திலிருந்து அரை மீட்டர் ஏறினால் ஒரு மணி, ஆழத்தின் 15 சதவீதத்துக்குக் குறையாமலும் 2 மீட்டரைத் தாண்டாமலும் இன்னொரு மணி. 1980 செப்டெம்பரில் டர்பிஷயர் என்ற பிரித்தானியக் கப்பல் ஜப்பான் பக்கம் சூறாவளியில் 44 பேரோடு போனது. முன்பக்கச் சிறு காற்றுக்குழாய்கள் வழியே நீர் நிறைந்து, முன்பகுதி தாழ்ந்து, முதல் ஹேட்ச் கவர் அலையின் எடையில் உடைந்தது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பின்னால் வந்தவைதான் இந்த விதிகள். ஆனால் அரை மீட்டர் தண்ணீர் வரும்வரை பேசாத கருவி அது. உங்கள் நனைந்த மூலையை அது கண்டிருக்காது. "அலாரம் அடிக்கவில்லை" என்பது ஒழுகவில்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

எழுதுவது

முன்னிருந்து பின்னாக ஹோல்ட் எண், போர்ட்டா ஸ்டார்போர்டா (இடப்பக்கமா வலப்பக்கமா), எந்தப் பலகை, எந்த மூட்டு, மூலையிலிருந்து எத்தனை மீட்டர். கப்பலை ஒருபோதும் பார்க்காதவர் உங்கள் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடத்தில் விரலை வைக்க முடிய வேண்டும். படத்தில் ஒரு அளவுகோல் இருக்கட்டும். பார்த்ததையும் நினைத்ததையும் ஒரே வசனத்தில் சேர்க்காதீர்கள். "பின்மூலையில் அடியிலிருந்து 40 சென்டிமீட்டர் வரை ஈரம், அதற்கு மேல் காய்ந்தது" என்பது பார்த்தது. "பில்ஜ்" என்பது நினைத்தது, அது வேறு பந்தியில் வரட்டும்.

மாரியில் இன்னொரு வரியும் வேண்டும்: மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஹேட்ச் எத்தனை மணிக்கு மூடி முடிந்தது. பெரிய கவர்கள் மூட நேரம் எடுக்கும், நம் மழை சொல்லிவிட்டு வராது. அந்த இடைவெளியில் நனைந்ததை மற்ற ஈரத்தோடு கலக்காமல், அன்றே தனியாகக் குறித்து, அதற்கும் ஒரு போத்தல் மாதிரி எடுத்து வையுங்கள்.